தூக்கணாங்குருவி தனிமரத்தை விட்ட கதை

அந்தக் காலத்தில், குருவி பேசினால் மனுஷனும் நின்று கேட்டுவிட்டுப் போன காலத்தில், தூக்கணாங்குருவிக்குத் தலைக்கொரு பனை. பனைக்கா பஞ்சம் அப்போது? ஒருவர் கூட்டை இன்னொருவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஹூம், அது ஒரு காலம்!

அதில் தங்கான் என்றொரு குருவி. பவுனு என்ற பெண்குருவி மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்த வேண்டும். பெண் வந்து ஆட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம்.

தங்கான் கட்டினான். பவுனு உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டினாள். முடிச்சு நழுவிக் கூடு பனையடிக் கிணற்றில் விழுந்தது. மறுபடி கட்டினான், அதுவும் விழுந்தது. அவசரக்குடுக்கை! பச்சை ஓலையில் நார் கிழிக்கப் பொறுமையில்லாமல் காய்ந்ததில் முடிச்சுப் போட்டால் நிற்குமா?

"இதிலயா என் குஞ்சைப் படுக்க வைக்கிறது? நல்லா இருக்கே! மழை இறங்குறதுக்குள்ள ஒழுங்கா ஒண்ணு கட்டு. இல்லன்னா நான் வேற பனை பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பவுனு பறந்துவிட்டாள்.

தங்கானுக்கு மனசு விட்டுப்போயிற்று. கூடும் வேண்டாம் கல்யாணமும் வேண்டாம் என்று ஊரை விட்டே கிளம்பினான். வழியில் களைப்பாற இறங்கியது மூக்கையா தாத்தா என்ற கிழக்குருவியின் பனையில். அவருக்கு அலகு பிளந்து எத்தனையோ காலமாயிற்று. நாரை இழுப்பார், பாதியில் நழுவும், திரும்ப இழுப்பார். பெண்சாதியும் போன மாரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"யாருக்குத் தாத்தா இந்தக் கூடு?"

"யாருக்குமில்லப்பா. மேகம் கறுத்தா அலகு சும்மா இருக்க மாட்டேங்குது."

கீழ் மட்டையில் அவருடைய பேரப் பொடிசு. வயசு வந்த ஆணுக்கு ஏறும் மஞ்சள்கூட இன்னும் தலையில் ஏறவில்லை. மட்டை ஓரத்துக் கருக்கில் நாரால் ஒரு வளையம் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது.

"உனக்கு என்னடா அவசரம் இப்பவே?"

"முடிச்சு நிக்குதான்னு பார்க்கிறேன் சித்தப்பா. பேச்சுக் கொடுக்காதீங்க!"

தங்கானுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஒருவருக்குக் கூட்டில் இருக்க ஆளில்லை. மற்றதற்குக் கல்யாண வயசே இல்லை. எல்லாம் இருக்கிற நாம் ஓடுகிறோமே என்று வெட்கப்பட்டான். தலைக்கொரு பனை என்ற வழக்கத்தை மீறி, அந்த இருவருக்கும் நடுவிலேயே ஓர் ஓலையைப் பிடித்தான். பச்சை நாராகக் கிழித்தான். முடிச்சு நழுவும்போதெல்லாம் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், திரும்பப் போட்டான்.

முதல் தூறலோடு பவுனு வந்தாள்.

"அடுத்தவங்க மரத்துல கட்டியிருக்கியே, கூச்சமா இல்ல?"

"இவங்க ரெண்டு பேரும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும் பவுனு. தனியா இருந்தா நான் விட்டுட்டு ஓடிருவேன்."

பவுனு ஏறி ஆட்டினாள். காற்றும் சேர்ந்து ஆட்டியது. முடிச்சு அசையவில்லை.

"மீதியையும் கட்டு" என்றாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிகள் கிழமும் பொடிசும் மாப்பிள்ளையுமாக ஒரே மரத்தில் கூடு கட்டுகின்றன. அதில் ஆளில்லாத கூடு ஒன்று தொங்கினால் வீண் என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், அதைப் பார்த்துத்தான் பக்கத்தில் ஒரு குடும்பம் எழும்பியிருக்கும்.