இரண்டு காடுகளுக்கு நடுவே ஒரு குட்டி

மலைக்குக் கிழக்கே ஒரு காடு. மேற்கே இன்னொரு காடு. கிழக்குக் காட்டை யானை ஆண்டது. மேற்குக் காட்டைக் காட்டெருமை ஆண்டது. நடுவில் இருந்த மலைமுகடுதான் எல்லை. முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம்.

கிழக்குக் காட்டில், நாணல் சூழ்ந்த குளத்தில் மருதி என்ற நீர்நாய் வாழ்ந்தது. அதன் கணவன் கோடன் மேற்குக் காட்டில் பிறந்தது. ஒரு வறட்சியில் மலை தாண்டி வந்து, மருதியைக் கண்டு, அங்கேயே தங்கிவிட்டது. இரண்டுக்கும் தும்பி என்று ஒரு பெண் குட்டி. அதற்கு இன்னும் நீந்தத் தெரியாது. தாயின் முதுகில் ஏறிக்கொண்டுதான் குளத்தைச் சுற்றும்.

கோடனுக்கு அந்தக் குளம் ஒட்டவே இல்லை. “எத்தனை வருஷம் இருந்தாலும் இங்கே நான் மலைக்கு அப்பாலிருந்து வந்தவன்தான்!” என்று புலம்பும். மருதியும் சும்மா இருக்காது. “அப்படியானால் போயேன்! யார் உன்னைப் பிடித்து வைத்தார்கள்?” என்று வெடுக்கென்று சொல்லிவிடும். சண்டை நாளுக்கு நாள் முற்றியது.

ஒரு நாள் காலை கோடன் சாந்தமாக வந்து நின்றது.

“என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையாம். பேத்தியை ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறாளாம். கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.”

“எத்தனை நாள்?”

“நாலே நாள்!”

மருதி தும்பியின் முகத்தை நக்கித் துடைத்து அனுப்பியது. தும்பி தகப்பன் முதுகில் உட்கார்ந்துகொண்டு, பாதை திரும்பும் வரை பின்னால் பார்த்துக்கொண்டே போனது.

நாலு நாள் எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் ஒரு மீன்கொத்தி பறந்து வந்து நாணலில் உட்கார்ந்தது.

“மருதி! கோடன் உன்னிடம் சொல்லச் சொன்னான். அவனும் வரமாட்டானாம், குட்டியும் வராதாம். அவர்கள் காட்டுச் சட்டப்படி குட்டி தகப்பன் குலத்துக்குத்தான் சொந்தமாம்!”

மருதி வாயில் இருந்த மீனைப் போட்டுவிட்டு மலையை நோக்கி ஓடியது. கால்கள் கிழிந்து இரத்தம் வடிய முகட்டை எட்டியது. அங்கே எல்லைக் காவலாக முள்ளம்பன்றி நின்றது. முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன.

“நில்! அனுமதி இருக்கிறதா?”

“என் குட்டி அந்தப் பக்கம் இருக்கிறது, ஐயா! கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் ஒரு கால்கூட வைக்க முடியாது. சட்டம் பேச வேண்டுமானால் அதோ, அந்தப் பாறையில் இருக்கிற நரியிடம் பேசு!”

முகட்டின் உச்சியில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் நரி கால் நீட்டிப் படுத்திருந்தது. இரண்டு காட்டுச் சட்டமும் அதற்குத் தலைகீழ்ப் பாடம் என்று எல்லாரும் சொல்வார்கள். மருதி அழுது அழுது நடந்ததைச் சொன்னது. நரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

“அழாதே, அம்மா. உன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. முதலில் உன் காட்டு யானையிடம் போய்த் தீர்ப்பு வாங்கி வா. தீர்ப்பு கையில் இருந்தால் யார் உன்னை மறுக்க முடியும்? அவசரப்படாதே. சட்டம் நிதானமாகத்தான் நடக்கும். வரும்போது நல்ல கெண்டையாக இரண்டு கொண்டு வா!”

மருதி அன்றே திரும்பி ஓடியது.

யானை பொறுமையாக விசாரித்தது. மீன்கொத்தி சாட்சி சொன்னது. ஒரு பௌர்ணமி கழிந்து தீர்ப்பு வந்தது. “பால் மறக்காத குட்டி தாயிடம்தான் இருக்க வேண்டும். இது கிழக்குக் காட்டுச் சட்டம்!” என்று முழங்கிவிட்டு, யானை ஒரு பெரிய மரப்பட்டையில் காலை அழுத்தி முத்திரை வைத்தது.

மருதி அந்தப் பட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு முகட்டுக்கு வந்தது. முள்ளம்பன்றி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

“முத்திரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உங்கள் யானையின் கால். எங்கள் காட்டில் காட்டெருமையின் குளம்பு பதிந்தால்தான் செல்லும்!”

மருதி நரியிடம் ஓடியது. நரி மீனை முதலில் தின்று முடித்தது. பிறகு தொண்டையைச் செருமியது.

“இதில் சில கேள்விகள் இருக்கின்றன, அம்மா. உன் கல்யாணம் எந்தக் காட்டு முறைப்படி நடந்தது?”

“எங்கள் குளத்தில்தான் நடந்தது.”

“அதை மேற்குக் காட்டில் பதிந்தீர்களா?”

“பதிய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே!”

“அடடா! அப்படியானால் அங்கே நீ அவனுக்கு மனைவியே இல்லை என்றுகூடச் சொல்வார்கள். பார்க்கலாம். கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கி வா. அப்படியே இந்தத் தீர்ப்பை மேற்குக் காட்டுப் பேச்சில் எழுதி வாங்க வேண்டும். எழுதுகிற மரங்கொத்தி இப்போது அடைகாக்கிறது. குஞ்சு பொரித்ததும் போய்ப் பார்!”

மருதி ஒவ்வொன்றையும் செய்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பௌர்ணமி போயிற்று. ஒவ்வொரு முறையும் நரிக்கு மீன் போயிற்று. தன் வயிற்றுக்கு இல்லாத நாளிலும் நரிக்கு இரண்டு கெண்டை பிடித்துவிடும். அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன.

மருதி இறங்கிப் போன பிறகு, அதே பாறைக்கு மறுபக்கத்திலிருந்து இன்னொரு நீர்நாய் ஏறி வரும். அது கோடன்! அதன் வாயிலும் மீன் இருக்கும்.

“நரியாரே, அவள் விடமாட்டாள்போல் இருக்கிறதே! குட்டியை யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா?” என்று கோடன் பயந்துபோய்க் கேட்கும்.

“நான் இருக்கும்போது உனக்கென்ன பயம்? நீ ஒன்றுமே செய்யாதே. குட்டிக்கு உங்கள் ஊர்ப் பேச்சைப் பழக்கு. நீந்தச் சொல்லிக்கொடு. தாயின் பெயரை எடுக்காதே. நாள் போகட்டும்!”

இப்படி நரிக்கு இரண்டு காட்டு மீனும் கிடைத்தது. வழக்கு முடிந்தால் மீனும் முடிந்துவிடும் அல்லவா?

ஐந்தாவது பௌர்ணமிக்குப் பிறகு மருதிக்குப் பொறுக்கவில்லை. மழை கொட்டிய ஒரு பகலில், முள்ளம்பன்றி குகைக்குள் ஒதுங்கியபோது, புதருக்குள் ஊர்ந்து எல்லையைத் தாண்டிவிட்டது. மேற்குக் காட்டு ஆற்றங்கரையில் மறைந்து நின்று பார்த்தது. ஆற்றில் ஐந்தாறு குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. நடுவில் தும்பி! அது முழுகி முழுகி எழுந்தது. யார் முதுகும் அதற்குத் தேவைப்படவில்லை.

“தும்பி! என் கண்ணே!” என்று மருதி கத்திவிட்டது.

குட்டிகள் மிரண்டு ஓடின. அந்தக் காட்டுக்குக் காவல் இருந்த செந்நாய்கள் பாய்ந்து வந்தன. மருதியின் காதைக் கடித்து, கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து எல்லைக்கு வெளியே எறிந்தன.

“திருட்டுத்தனமாக நுழைந்தது, குட்டியைப் பிடிக்கப் பார்த்தது என்று உன் பெயரில் குற்றம் எழுதியாயிற்று. இனிமேல் உனக்கு அனுமதியே கிடையாது!” என்றது முள்ளம்பன்றி.

ஒரு காது அறுந்து தொங்க, மருதி குளத்துக்குத் திரும்பி வந்தது. வாரக்கணக்கில் நாணலுக்குள் சுருண்டு கிடந்தது.

அப்போது குளிர்காலம் தொடங்கியது. தொலைதூரத்திலிருந்து ஒரு நாரை வந்து குளத்தில் இறங்கியது. அது வருஷந்தோறும் பத்துப் பன்னிரண்டு காடுகளின் எல்லையைக் கடந்து வருவது. எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்பது அதற்கு அத்துப்படி. மருதியின் நிலையைக் கண்டு, “என்ன ஆயிற்று?” என்று விசாரித்தது. மருதி எல்லாவற்றையும் சொன்னது.

நாரை வியப்போடு கழுத்தை நிமிர்த்தியது.

“தீர்ப்பு எதற்கு? கல்யாணச் சாட்சி எதற்கு? இரண்டு காட்டுக்கும் ஓர் உடன்படிக்கை இருக்கிறதே! ஒரு காட்டுக் குட்டியை இன்னொரு காட்டுக்குத் தூக்கிப்போனால், ஆறு பௌர்ணமிக்குள் கேட்டுவிட்டால் போதும். மறுபேச்சுப் பேசாமல் திருப்பி அனுப்ப வேண்டும். யாரிடம் வளர வேண்டும் என்பதைக் குட்டி புறப்பட்ட காடே முடிவு செய்துகொள்ளும். யானையிடம் போய், ‘திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்குமே!”

“ஆறு பௌர்ணமிக்குள்ளா?” என்று கேட்டது மருதி.

“ஆமாம். இப்போது எத்தனை ஆயிற்று?”

“நேற்று ஏழாவது.”

நாரை தலையைத் தாழ்த்திக்கொண்டது.

மருதி விழுந்தடித்து யானையிடம் ஓடியது. “அரசே! உடன்படிக்கை இருக்கிறது என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்று அலறியது.

யானை காதை ஆட்டிக்கொண்டு சொன்னது: “நீ தீர்ப்புக் கேட்டாய், கொடுத்தேன். திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டாயா? கேட்காததை நான் எப்படிக் கொடுப்பேன்? சரி, இப்போதாவது எழுதி அனுப்புகிறேன்.”

எழுதி அனுப்பியது. காட்டெருமை வழக்கை எடுத்துக்கொண்டு முகட்டுக்கே வந்தது. ஒரு பக்கம் கோடனும் அதன் உறவினரும் நின்றார்கள். இன்னொரு பக்கம் மருதி மட்டும் நின்றது. நடுவில் தும்பியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

காட்டெருமை நல்ல அரசன்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டது.

“பயப்படாதே, குட்டி. இது யார் தெரிகிறதா?”

தும்பி மருதியைப் பார்த்தது. அறுந்த காதைப் பார்த்தது. எலும்பு தெரிந்த உடம்பைப் பார்த்தது.

“தெரியும். ஆற்றங்கரையில் கத்தின யாரோ ஒரு அம்மா!” என்றது மேற்குக் காட்டுப் பேச்சில். சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கோடனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

கோடன் நிலத்தைப் பார்த்தது. அதற்கும் அந்த நேரத்தில் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

காட்டெருமை பெருமூச்சு விட்டது. “ஆறு பௌர்ணமிக்குள் வந்திருந்தால் நான் கேள்வியே கேட்காமல் அனுப்பியிருப்பேன். கெடு தாண்டிவிட்டது. குட்டி இங்கே வேரூன்றிவிட்டது. இனிப் பிடுங்கினால் அதற்குத்தான் காயம். தும்பி இங்கேயே இருக்கட்டும். தாய் வருஷத்துக்கு ஒரு முறை இந்த முகட்டுக்கு வந்து பார்க்கலாம்!”

மருதி அழவில்லை. பாறைமேல் படுத்திருந்த நரியின் பக்கம் திரும்பியது.

“எல்லாம் தெரிந்திருந்தும் என்னை அலையவிட்டாயே! அரசே, இது என்னை ஏமாற்றியது! இதற்குத் தண்டனை கொடுங்கள்!”

நரி மெல்லச் சிரித்தது. “எங்கே வைத்து ஏமாற்றினேன்? இந்தப் பாறையில் வைத்துத்தானே பேசினேன்? இந்தப் பாறை எந்தக் காட்டுக்குச் சொந்தம்?”

காட்டெருமை முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி எல்லைக் கற்களை எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. பாறை இந்தக் காட்டிலும் இல்லை, அந்தக் காட்டிலும் இல்லை. யானையிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது. நரி பாறையிலேயே இருந்தது. அடுத்த வாரம் ஒரு காட்டுப்பன்றி தன் வழக்கைக் கொண்டுபோய் அதன் முன்னால் நின்றது.

ஒரு வருஷம் கழிந்தது. மருதி விடியற்காலையிலேயே முகட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறியதும் தும்பி வந்தது. நன்றாக வளர்ந்து, மயிர் பளபளக்க, வாயில் ஒரு பெரிய மீனோடு வந்தது. மீனை மருதியின் முன்னால் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றது.

“ரொம்ப தூரம் நடந்து வந்திருப்பீர்கள். சாப்பிடுங்கள்,” என்றது மரியாதையாக.

மருதி மீனைத் தொடவில்லை. குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. தும்பி ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தது. பிறகு, “நான் போய் வரட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், மேற்குச் சரிவில் குதித்துக் குதித்து இறங்கிப் போயிற்று.

எல்லை தாண்டிப் போனதைத் திரும்பப் பெற நினைப்பவர்கள், எந்தச் சட்டம் எங்கே செல்லும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே ஒருவரிடம் மட்டுமல்ல, நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கெடு நமக்காகக் காத்திருக்காது.