வெள்ளைக்கார ராஜாவின் வெல்வெட் அங்கி

பனையவரம் சமஸ்தானத்தில் விகடம் பேசிச் சோறு சாப்பிட்டவன் நான். பெயர் ஆபத்சகாயம். அடுத்தவர் ஆபத்துக்குத்தான் சகாயம். எனக்கு ஒன்று வந்தால், திருதிருவென்று விழிப்பேன்.

ஒரு பங்குனி மாதக் கடைசி. புதுச்சேரிக் கப்பல் வியாபாரி ஒருவன் எங்கள் மகாராஜாவிடம் ஒரு பழைய அங்கியை விற்றுவிட்டுப் போனான். ஐரோப்பாவில் எப்போதோ ஒரு ராஜா பனிக்காலத்தில் போட்டதாம். சிவப்பு வெல்வெட், கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று ரோமம், கணுக்கால் வரை நீளம், ஒரு கன்றுக்குட்டி கனம். அந்தக் கொளுத்தும் வெயிலில் மகாராஜா அதைக் கழற்றவே இல்லை. “கழற்றுங்கள்” என்று சொன்ன அரண்மனை வைத்தியருக்கு அன்றைக்கே உத்தியோகம் போயிற்று.

மறுநாள் மகாராஜா மயங்கி விழுந்தார். தெளிந்ததும் அங்கி கசங்கிவிட்டதா என்றுதான் கேட்டாராம். மகாராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஆபத்சகாயம், இன்னும் நாலு நாள் போனால் அவர் உயிரே போய்விடும். எப்படியாவது கழற்ற வையும்.”

“உத்தரவு” என்றேன். வாய்தான் சொன்னது. வைத்தியருக்காவது மருந்துப்பெட்டி இருந்தது, எங்கே போனாலும் பிழைப்பார். எனக்கு வாயைத் தவிர வேறென்ன இருக்கிறது?

எங்கள் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம். மகாராஜா தாம் உடுத்திய பட்டை ஒருவனுக்குப் போர்த்தினால், அன்றுமுதல் அவன் அவருடைய ஆள். மந்திரி, தளவாய், நான், எல்லோரும் அந்தப் பட்டோடுதான் சபைக்கு வருவோம். வருஷப்பிறப்பு தர்பாருக்கு நான் மட்டும் வெறுந்தோளோடு போய் நின்றேன்.

“ஓய், நான் போர்த்திய பட்டு எங்கே?” மகாராஜாவின் முகம் வெந்த கிழங்காய்ச் சிவந்திருந்தது.

“வீட்டில் இருக்கிறது, மகாராஜா. நான் யாருடைய ஆள் என்று குழப்பமாக இருக்கிறது.”

“என்ன உளறுகிறீர்?”

“ஒரு ராஜா உடுத்தியதைப் போர்த்திக்கொண்டவன் அந்த ராஜாவின் ஆள். சரிதானே?”

“சரிதான்.”

“மகாராஜா இப்போது போர்த்தியிருப்பது யார் உடுத்தியது?”

மகாராஜா குனிந்து தம் அங்கியைப் பார்த்தார்.

“இது தானமாக வந்ததல்ல! காசு கொடுத்து வாங்கினேன்!”

“அதுதான் எனக்கு வருத்தம். நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆளானோம். மகாராஜா கைக்காசு கொடுத்து ஆளாகியிருக்கிறீர்கள்.”

அங்கி தரையில் விழுந்தது. மகாராஜா நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியரைத் திரும்ப அழைக்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு வணங்கிவிட்டு நகர்ந்திருக்கலாம். பரிசுக்கு ஆசைப்பட்டு நின்றேன்.

“ஆபத்சகாயம், இந்த அங்கியைக் கடைசியாக உடுத்திய ராஜா யார்?”

“தாங்கள்தான், மகாராஜா” என்றேன் பெருமையாக.

“அப்படியானால் இங்கே வாரும்.”

தம் கையாலேயே எனக்குப் போர்த்திவிட்டார். கழுத்து வரை பொத்தான்களையும் மாட்டினார். சாயங்காலம் தர்பார் கலையும் வரை கழற்றக்கூடாதாம். நடுப்பகலில் என்னை உற்றுப் பார்த்தார்.

“என்ன ஓய், ஆனந்தக் கண்ணீரா?”

“இல்லை மகாராஜா, வேர்வைதான். மற்ற வழியெல்லாம் அடைத்துவிட்டீர்கள், கண் வழியாக வருகிறது.”