தேர் வடத்துக்கு ஒரு குத்துச்சண்டை

மேலச்சுண்டூர்க்காரர்களோ கீழச்சுண்டூர்க்காரர்களோ புத்தியாக ஏதோ செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரே தேர். வடத்தை முதலில் தொடுவது எந்த ஊர் என்று வருஷா வருஷம் மண்டை உடையும். போன வருஷம் உடைந்ததில் ஒன்று போலீஸ்காரருடையது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இனிமேல் கம்பைத் தூக்கினால் தேரே ஓடாது, அடித்துக்கொண்டுதான் ஆக வேண்டுமென்றால் ஊருக்கு ஒருத்தர் கையுறை மாட்டிக்கொண்டு மேடையில் அடித்துக்கொள்ளுங்கள்.

வடம் தொடுகிறவர் நாற்பது தாண்டிய குடும்பஸ்தராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அப்படியானால் குத்துகிறவரும் அப்படித்தான் என்று முடிவானது. மேல ஊருக்கு மாவு மில் சிங்காரவேலு, வயது நாற்பத்து மூன்று. கீழ ஊருக்கு அவர் மனைவி தெய்வானையின் தம்பி பூமிநாதன், நாற்பத்தொன்று. தோற்றால் ஊரே பார்க்க மச்சினனுக்குப் பின்னால் நின்று வடம் பிடிக்க வேண்டும். அதற்குத் தூக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று சிங்காரவேலு வீட்டில் புலம்பினார்.

அந்த வட்டாரத்தில் குத்துச்சண்டை தெரிந்தவர் ஒரே ஆள், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம் மாஸ்டர். காலையில் மேல ஊருக்கும் மாலையில் கீழ ஊருக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். விதிகளில் முதலாவதாக, கீழே விழுந்து கிடக்கிறவனை அடிக்கக் கூடாது என்றார். அடுத்ததாக, தினமும் ஒரு மணி நேரம் உங்கள் நிழலோடு சண்டை போடுங்கள் என்றார்.

சிங்காரவேலுவும் அவருடைய கூட்டாளிகள் கோவிந்தப்பனும் மயில்ராசுவும் மில் வாசலில் நின்று நிழலை வெகுநேரம் பார்த்தார்கள்.

"அண்ணே, உங்களவிட ரெண்டு மடங்கு நீளமா இருக்கான். இது நியாயமில்ல" என்றான் கோவிந்தப்பன்.

"நீளம் கிடக்கட்டும். அவன் தரையில விழுந்து கிடக்கிறான். அடிக்கலாமா கூடாதா, அதைச் சொல்லு" என்றான் மயில்ராசு.

கூடாதுதான். மூவரும் எழுந்திருக்கச் சொல்லி நிழலுக்குக் கால் மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். அது எழவில்லை. சிங்காரவேலு ஜெயித்ததாக முடிவு செய்து டீ குடிக்கப் போனார்கள்.

பிறகு மணல் மூட்டை வந்தது. அதில் எதிராளி முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு குத்துங்கள் என்று மாஸ்டர் சொன்னார். நினைப்பானேன் என்று பெயிண்டரைக் கூப்பிட்டுப் பூமிநாதன் முகத்தை மீசையோடு வரைந்து மாட்டினார்கள். தெய்வானை பார்த்தாள். வீடு தேடி வந்த தம்பியைத் தொங்க விட்டிருக்கிறீர்களே என்று கண்ணைக் கசக்கினாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, தினமும் எதிரில் காப்பியும் வைத்தாள். அக்கா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறவனை எப்படிக் குத்துவது? மூன்று மாதத்தில் அந்த மூட்டைமேல் ஓர் அடி விழவில்லை. காப்பியைச் சிங்காரவேலு குடித்தார்.

ஒருநாள் அவர் மனம் தாங்காமல் கேட்டே விட்டார்: "மாஸ்டர், இந்த வயசுல ஆரம்பிச்சு நான் எதுவரைக்கும் வர முடியும்?"

மாஸ்டர் அவர் தொப்பையைப் பார்த்தார். "பதக்கம் கிதக்கம்னு கனவு காணாதீங்க. மூணு ரவுண்டு நின்னாலே நீங்க பெரிய ஆள்."

அன்றிலிருந்து சிங்காரவேலு நின்று பழகினார். மிளகாய் அரைக்கும்போது நின்றார், சாப்பிடும்போதும் நின்றார். பூமிநாதனும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார் போலிருக்கிறது.

தேருக்கு முதல் நாள் சண்டை. மாஸ்டர்தான் நடுவர். மணி அடித்தது. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். முதல் ரவுண்டின் இரண்டு நிமிஷமும் நின்றார்கள். ஜனம் கொட்டாவி விட்டது. இரண்டாவது ரவுண்டில் ஒரு கொசு வந்து சிங்காரவேலுவின் காதில் பாட, அவர் கையை வீச, அந்தக் கை நேராகப் பூமிநாதன் மூக்கில் போய் உட்கார்ந்தது. பூமிநாதன் பொத்தென்று விழுந்தார். சிங்காரவேலுவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் எண்ணத் தொடங்கினார்.

ஆறு எண்ணும்போது கோவிந்தப்பனுக்கு ஒரு கவலை வந்தது. ரவுண்டு முடிந்தால் அண்ணன் உட்கார மேடை மூலையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. கூட்டமோ மேடைமேல் ஏறிவிடும் போலிருந்தது. எவனாவது உட்கார்ந்துவிட்டால்? பஸ்ஸில் செய்கிற மாதிரி தோள் துண்டை எடுத்து ஸ்டூல்மேல் வீசி இடம் போட்டான். கீழ ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் தங்கள் ஸ்டூலுக்கு ஒரு துண்டை வீசினார்கள்.

மாஸ்டர் எண்ணுவதை நிறுத்தினார். மேடையில் துண்டு விழுந்தால் எங்கள் ஆளால் முடியாது, தோல்வியை ஒப்புக்கொள்கிறோம் என்று அர்த்தம் என்றார். இரண்டு ஊரும் தோற்றது என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். வடத்தை யாராவது முதலில் தொட்டாக வேண்டும். தோற்றவன் தொடக் கூடாது. அப்படியானால் மேடையில் ஏறித் தோற்காமல் இறங்கியது யார்? எல்லோரும் மெதுவாக மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எவ்வளவோ மறுத்தார். விடவில்லை. மறுநாள் மாலை போட்டு இழுத்து வந்து வடத்தைத் தொட வைத்தார்கள்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, மாஸ்டர் கதவைத் திறந்தார். வாசலில் சிங்காரவேலுவும் மூக்கில் பிளாஸ்திரியோடு பூமிநாதனும் ஒற்றுமையாக நின்றார்கள். பின்னால் இரண்டு ஊரும் நின்றது.

"அடுத்த வருஷம் வடத்தை உங்ககிட்டருந்து மீட்கணும் மாஸ்டர்" என்றார் சிங்காரவேலு. "உங்களை எப்படி அடிக்கிறதுன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லித் தரணும். ஆனா ஒண்ணு, சொல்லித் தர்றது எதுவும் எதிராளி காதுக்குப் போயிடக் கூடாது."