இரண்டு பிடிக் கோப்பை

பக்கவாதம் வந்து போனபின் மங்களேஸ்வரி அம்மாவுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. எந்த டம்ளரும் பிடியில் தங்காது. அவருடைய தியான மன்றத்துச் சீடர் கனகசபாபதிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குருவைவிட வயதில் பெரியவர், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். அக்ரிலிக் குழாயை அறுத்து, அடியில் வட்டத் தகடு ஒட்டி, இருபுறமும் பிடி வைத்துத் தாமே ஒரு கோப்பை செய்யலானார்.

பசை வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "எதுக்கு சார்?"

"குடிக்கிற கோப்பைக்கு."

"அப்ப இது வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குன்னே சிலிகான் இருக்கு. ஆனா நல்லா காயணும், அவசரப்படக் கூடாது."

"நாளைக்குக் காலையில குரு பூஜை. கொடுத்தாகணும்."

சட்டென ஒட்டும் பசையையே வாங்கி வந்தார்.

கோப்பை பளிங்கு போல் அமைந்தது. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் அந்தக் கோப்பையில்தான். கனகசபாபதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெயில் ஏறிய ஒரு நாள் அம்மா தியானக் கூடத்திலேயே மயங்கிச் சரிந்தார்.

"உடம்புல தண்ணியே இல்ல. இவங்க குடிக்கவே மாட்டாங்களா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

அன்று மாலை வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரை அந்தக் கோப்பையில் ஊற்றியபோதுதான் கனகசபாபதியின் மூக்கில் பசை வாடை ஏறியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். தொண்டையில் இறங்கவில்லை. கடைக்காரர் சொன்னது நெஞ்சைக் குத்தியது.

அதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தார். பாத்திரத்துக்கான சிலிகானைப் பூசி, வாடை முழுக்கப் போகும்வரை காயவிட்டார். தண்ணீர் ஊற்றி வைத்து, தாம் குடித்துப் பார்த்த பிறகே கொண்டுபோனார்.

அம்மா கீழே வைக்காமல் குடித்து முடித்தார். காலிக் கோப்பையைக் கண்டதும் கனகசபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்த வாடை உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"முதல் நாளே தெரியும் ஐயா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும். உங்க முகம் வாடிடுமேன்னு இருந்துட்டேன்."

அவர் தலை கவிழ்ந்தார். அம்மா நடுங்கும் கையால் அவர் கையைத் தொட்டார்.

"கோப்பை எப்படி இருக்குன்னு தினமும் கேட்டீங்க. நல்லா இருக்குன்னு நானும் சொன்னேன். தண்ணி எப்படி இருக்குன்னு ஒரு நாள் கேட்டிருந்தீங்கன்னா, எனக்குப் பொய் சொல்ல வாய் வந்திருக்காது."