குழாய்க்கு ஓர் ஆள்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. கிருமி விஷயம். நானோ ஆறாவதோடு நின்றவள். ஒரு வார்த்தை மாறிப்போய் யாருக்காவது வயிற்றால் போனால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

காங்கேயம் ரோட்டில் எங்களுக்கு இட்லிக் கடை. நான் கல்லாவில் உட்காருபவள். சாப்பிட்டவர்கள் சிலருக்கு வயிறு கலங்கியதும், சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அம்மா வந்து கடையைப் பூட்டினார். என் வீட்டுக்காரர் சென்னியப்பனின் கையை, கிருமி வளர்க்கிற கூழ் பூசிய கண்ணாடித் தட்டில் அழுத்தச் சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவவைத்து, வேறொரு தட்டில் மறுபடி அழுத்தச் சொன்னார். சில நாள் கழித்து இரண்டையும் கொண்டுவந்து காட்டினார். முதல் தட்டு முழுக்கப் புள்ளி வைத்த வாசல் மாதிரி கிருமி. இரண்டாவதில் இங்கொன்றும் அங்கொன்றும்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவினா முக்கால்வாசிக்கு மேல போயிடும். மிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சமைக்கிறவங்க கை சுத்தமா இருந்தா கடையைத் திறந்துக்கலாம்" என்றார்.

அந்த மிச்சம்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. அது நீச்சல் தெரிந்த கிருமியாக இருக்கும் என்றான், அண்ணனோடு சமைக்கிற பெரிய கொழுந்தன் நாச்சிமுத்து. என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அழுக்குக் கையாலதானடா குழாயைத் திறக்கறோம். அது குழாய்மேல ஏறி உக்காந்துக்குது. கழுவி முடிச்சு மூடறப்ப மறுபடி கைக்கு வந்துருது."

அதனால் குழாயை மூடுவதை நிறுத்தினார்கள். தொட்டி காலியாகி, பக்கத்து டெய்லர் கடைக்குள் தண்ணீர் போனது. டெய்லர் வந்து திட்டியதும் மறுபடி கூடிப் பேசி, குழாயைத் திறந்து மூடுவதற்கென்றே கை கழுவாத ஆள் ஒருவனை வைப்பது என்று முடிவானது. சின்னக் கொழுந்தன் குப்புராசு அதற்கு ஏற்றவன். யாரும் சொல்லாமலே கழுவாதவன்.

அந்த அம்மா மறுபடி வந்தபோது, என் வீட்டுக்காரரும் நாச்சிமுத்துவும் கழுவிய கைகளை எதிலும் படாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் தட்டுகளை எடுத்து வைத்தார். மூலையில் நிற்பவர் யார் என்று கேட்டார்.

"அவன் குழாய்க்காரனுங்க. சமையலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இருவர் கையும் தட்டில் தேறியது. அனுமதி வந்தது.

கடை திறந்த அன்று நல்ல கூட்டம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது. இவர்கள் கையைத் தூக்கியபடியே நிற்கிறார்கள். மாவை ஊற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கழுவின கையாலயா? உனக்கென்ன பைத்தியமா புள்ள? இத்தனை சுத்தமும் வீணாப் போயிருமே" என்றார் வீட்டுக்காரர்.

சும்மா இருந்த கை குப்புராசுவுடையதுதான். அவனே மாவு ஊற்றினான். அவனே சட்னியைக் கலக்கினான், பரிமாறினான். மற்ற இருவரும் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குத் தங்கள் கையைக் காட்டினார்கள். ஜனங்கள் நம்பி உள்ளே வந்தார்கள்.

எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அந்த அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நினைத்துப் பார்த்தேன். அன்று முதல் குப்புராசு வைக்கிற இட்லியைச் சோப்புப் போட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் சாப்பிடுகிறேன். குழாயை அவன் திறந்துவிடுகிறான்.