நீலம்மையின் முரசு

மஞ்சாடி நாட்டில் எல்லாம் தாய்வழிதான். வீடு, வயல், முரசடிக்கும் வேலைகூட அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் போகும். மன்னர் உதயவர்மருக்கு முடி கிடைத்ததும் அப்படித்தான், அம்மாவின் அண்ணனான பெரிய மகாராஜாவிடமிருந்து. பாவம், ராஜ்ய பாரத்தில் அதை மறந்துவிட்டார்.

"பெண்கள் ஆண்டது போதும். இனி அப்பன் சொத்து மகனுக்கு. பெண்டாட்டியின் வீடும் வேலையும் புருஷனுக்கு. ஊரெல்லாம் முரசடித்துச் சொல். ஒருத்தி முணுமுணுத்தாலும் உன் தலை இருக்காது!" என்றார் முரசுக்காரி நீலம்மையிடம்.

"உத்தரவு மகாராஜா," என்றவள் நேரே யானைக் கொட்டில் வாசலில் போய் நின்று முரசடித்தாள்.

"இனி அப்பன் சொத்து மகனுக்கு! செத்துப்போன பெரிய மகாராஜாவின் மகன், யானைப்பாகன் சாத்தன், அரண்மனைக்கு வந்து முடி சூடிக்கொள்ளலாம்! இப்போதைய மகாராஜா தன் அப்பாவின் வெற்றிலைக் கடைக்குப் போகலாம்!"

ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள். சாத்தன் சாணிக் காலோடு அரண்மனைக்கு நடந்தான்.

மன்னர் கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "நிறுத்து! பழைய வழக்கமே தொடரும் என்று முரசடித்துச் சொல்!"

"முரசு இப்போ என் புருஷனுடையதாச்சே, மகாராஜா. அவரைத்தான் கேட்கணும்," என்றாள் நீலம்மை. "அவர் என்னைக் கேட்டுச் சொல்வார்."