லில்லி பக்கத்து ஸ்விட்ச்

குரு, சீடர் என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் பரீதா. மேட்டுப்பாளையத்தில் கியர் பெட்டி பிரித்து மாட்டும் பட்டறை வைத்திருக்கிறாள். சீடர் அருமைநாதனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் வேன் ஓட்டியவர். ஓட்டுநருக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் உண்டு, கர்வம் உள்பட.

ஏணியிலிருந்து விழுந்ததில் அவருடைய இடது கணுக்கால் மடங்காமல் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவர் மனைவி லில்லி புஷ்பம் மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மணிக்கு டியூட்டி. முதல் பஸ் போய்ச் சேர ஒன்பதாகிவிடும். தினமும் ஜீப்பில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருவது அருமைநாதன்தான். அது இனி முடியாது என்றால் லில்லி மேலேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. அதை நினைத்தாலே மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய ஜீப்புக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி மாட்டக் கற்றுக்கொடு என்று பரீதாவிடம் வந்தார். லில்லி பஸ்ஸில் தாமதமாகப் போய்ச் சேர்ந்த மூன்று மாதமும் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, மகள் வயதுக்காரியிடம் திட்டு வாங்கி, பெட்டியை உட்கார வைத்தார்.

இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்று ஓர் உருண்டை. உள்ளே எண்ணெய். இன்ஜின் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் பெட்டியைச் சுழற்றும், அது சக்கரத்துக்குப் போகும். அதிலுள்ள லாக்கைப் போட்டால் நடுவில் எண்ணெயின் வேலை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேர்ந்தே சுற்றும். புது வண்டிகளில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கிழட்டு ஜீப்பில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? பரீதா ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்தாள். மேலே தட்டினால் லாக் பிடிக்கும், கீழே தட்டினால் விடும்.

"எப்பப் பிடிக்கோணும், எப்ப விடோணும், அம்மணி?"

"மலையேறிட்டு வந்து கேளுங்ணா."

திங்கட்கிழமை லாக்கைப் போட்டவர் போட்டபடியே மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஏறினார். வேகம் குறைந்ததும் இன்ஜின் உதறி நின்றுபோனது. ஜீப் பின்னால் உருண்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். லில்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

செவ்வாய்க்கிழமை பயந்துபோய் ஸ்விட்சைத் தொடவேயில்லை. ஏற்றமெல்லாம் ஓயாமல் சுழன்ற எண்ணெய் பாதி மலையில் கொதித்துக் கருகல் வாடை வந்தது. குரங்குகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றார்கள். மேலே நாற்பது பேர் நர்ஸுக்காகக் காத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் லில்லி ஒரு ஃபாரத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். குவார்ட்டர்ஸ் கேட்கும் ஃபாரம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கச் சொல்றாங்க. உங்களையும் ஏன் கஷ்டப்படுத்தணும்?"

புதன்கிழமை காலை லில்லியை பஸ் ஏற்றிவிட்டு அருமைநாதன் பட்டறையில் வந்து நின்றார்.

"தானா விட்டுக்கற மாதிரி ஒண்ணு மாட்டிக் குடு அம்மணி."

"பிரேக்கை மிதிச்சா விடற மாதிரி மாட்டலாமுங். ஏத்தத்துல வளைவுக்கு முன்னாடி பிரேக்கையா மிதிப்பீங்க?"

அவர் யோசித்தார். மிதிப்பதில்லை.

"அப்ப ஒரு கணக்குச் சொல்லு. இத்தனை ஸ்பீடுன்னா பிடி, இத்தனைன்னா விடுன்னு. முப்பது வருஷம் ஓட்டுனவன் நான், கத்துக்க மாட்டனா?"

பரீதா ஸ்விட்சைக் கழற்றினாள். ஒயரை நீட்டினாள். இடது பக்க இருக்கைக்கு முன்னால் துளை போட்டு அங்கே பொருத்தினாள்.

"அது லில்லி உக்கார்ற இடம்."

"ஆமாங்."

"அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங். நாளைக்கு நானும் கூட வர்றேன்."

வியாழக்கிழமை காலை பரீதா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். லில்லிக்கு அவள் எடுத்த பாடம் இவ்வளவுதான்:

"மேல தட்டினா பிடிக்கும், கீழ தட்டினா விடும்க்கா."

"எப்பத் தட்டணும்?"

"உங்களுக்குத் தோணறப்ப."

அருமைநாதன் மூக்கால் சிரித்தார். உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

நேர்ச்சாலையில் லில்லி தட்டினாள். இன்ஜின் சத்தம் தணிந்தது. முதல் வளைவு நெருங்கியது. "விடு" என்று கத்த அவர் வாயைத் திறப்பதற்குள் டக்கென்று சத்தம் கேட்டது. ஜீப் வழுக்கிக்கொண்டு திரும்பி ஏறியது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. ஐந்தாவதில் கொஞ்சம் தாமதித்துவிட்டாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. "சாரிங்க" என்றாள். எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

ஒன்பதாவது வளைவுக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"நீ ரோட்டையே பார்க்கலையே லில்லி. எப்படிச் சரியா விடறே?"

"ரோடு எனக்கெதுக்கு? வளைவு வந்தா நீங்க மூச்சைப் பிடிச்சுக்குவீங்க. கல்யாணமான புதுசுலேர்ந்தே அப்படித்தான். அப்ப லாக்கை விடறேன். திரும்பி முடிச்சதும் நீங்க மூச்சை விடுவீங்க, அப்பப் போடறேன்."

தம்மைப் பற்றி இப்படியொரு சங்கதி இருப்பதே அருமைநாதனுக்குத் தெரியாது. காது வரை சிவந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். பரீதா ரொம்ப மும்முரமாகத் தேயிலைத் தோட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி எட்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. லில்லி இறங்கினாள். கைப்பையிலிருந்து அந்த ஃபாரம் எட்டிப் பார்த்தது. அருமைநாதன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினார்.

"அதை எழுதிக் குடுத்துரு லில்லி. எனக்காக நீ தினமும் இந்த மலையை ஏறி இறங்கோணும்னு இல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து உன்னையப் பார்த்துக்கறேன்."

அவர் எத்தனை பிரியத்தோடு சொன்னார் என்பது பின்னால் இருந்தவளுக்கே தெரிந்தது, லில்லிக்குத் தெரியாதா?

அவள் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"முதல்ல மூச்சை விடுங்க."

அவர் விட்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அருமைநாதன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பினார்.

"முன்னாடி வந்து உக்காரு அம்மணி."

"வேண்டாமுங். அது அக்கா சீட்டு."

"அதைத்தான் கேக்கறேன். அவளை விட்டுட்டு மலை இறங்கும்போதும், கூட்டியாரப் போகும்போதும் நான் தனியாத்தானே வருவேன்? அப்ப யாரு தட்டுவா? ஸ்விட்சை என் பக்கமே வெச்சுக் குடுத்துரு."

"இடது கையை நீட்டுங்ணா."

அவர் காலி இருக்கைக்கு மேலே கையை நீட்டினார்.

"எட்டுதுங்களா?"

"எட்டுது. ஆனா ஒவ்வொரு வளைவுக்கும் அவ சீட்டு வரைக்கும் கையை நீட்டோணுமே?"

"ஆமாங்ணா. அதுக்குத்தான் அங்க வெச்சேன்."